சளியா, ஃப்ளூவா? குழந்தையோடு முதல் மழைக்காலத்தைச் சந்திப்பவர்களுக்கு

ஜூன் மாதம் எல்கேஜியில் சேர்த்த குழந்தை, தீபாவளிக்குள் நாலு முறையாவது மூக்கொழுகிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கும். ஐந்தாவது முறை காய்ச்சலோடு வந்து படுத்ததும், "இதுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லையோ" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். எங்கள் வீட்டிலும் கிளம்பியது. தாம்பரம் பக்கம் நாங்கள் குடிவந்த முதல் மழைக்காலம் அது. மகளுக்கு அடுத்தடுத்துச் சளி, பிறகு அப்பாவுக்கு ஃப்ளூ, நடுவில் டெங்குவாக இருக்குமோ என்ற பயம். எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்று யாராவது அன்றைக்கு வரிசையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டும், வீட்டில் பட்டும் தெரிந்துகொண்டதை அந்த வரிசையில் எழுதுகிறேன்.

எது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சளி, ஜலதோஷம், தடுமன் என்று எப்படிச் சொன்னாலும் அது ஒற்றை நோய் இல்லை. அதைக் கொடுக்கும் வைரஸ்கள் இருநூறுக்கு மேல். பெரும்பங்கு ரைனோவைரஸுக்கு. அதிலேயே 160க்கும் அதிகமான வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் உடம்பு அதைப் பழகிக்கொள்ளும். அடுத்த வகை வரும்போது மறுபடி முதலிலிருந்து. பள்ளியில் சேர்ந்த புதிதில் குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். பெரியவர்களுக்கு இரண்டு, மூன்று. உங்கள் குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, எடை கூடி, இரண்டு சளிக்கு நடுவில் ஓடி விளையாடுகிறது என்றால் அதன் எதிர்ப்பு சக்தியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஃப்ளூ என்பது இன்ஃப்ளுயன்சா வைரஸ். மனிதர்களிடம் பருவந்தோறும் பரவுவது ஏ, பி என்ற இரண்டு வகைகள். 2009-ல் உலகம் முழுக்கப் பரவி, நம் செய்தித்தாள்களில் 'பன்றிக் காய்ச்சல்' என்று வந்ததே, அந்த எச்1என்1 இப்போது ஆண்டுதோறும் வந்துபோகும் ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. அதனால் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததுமே கலங்கிவிட வேண்டாம். அதற்காக அதை லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது அவை தொடங்கும் விதம். சளி மெதுவாக வரும். முதல் நாள் தொண்டை கரகரக்கும், மறுநாள் தும்மலும் மூக்கில் தண்ணீரும், மூன்றாம் நாள் அடைப்பு. காய்ச்சல் இருந்தாலும் பெரியவர்களுக்கு லேசாகத்தான் இருக்கும். ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் காபி குடித்துப் பேப்பர் படித்தவர், சாயங்காலம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவார். 102, 103 டிகிரி காய்ச்சல், அடித்துப்போட்ட மாதிரி உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல். குழந்தைகளுக்கு வாந்தியும் சேரலாம். எழுந்து பாத்ரூம் போகவே அலுப்பாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஃப்ளூவை நினைத்துக்கொள்ளுங்கள். கோவிட்டும் இதே மாதிரி வரும் என்பதால், உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பரிசோதனைதான் வழி.

காலண்டர் தாளில் எழுதி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் தொடங்கினாலும், அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம். தெர்மாமீட்டரில் பார்த்த அளவு. என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு. கடைசியாகச் சிறுநீர் போன நேரம். அவ்வளவுதான்.

இது எதற்கு என்று அப்பாவுக்கு வந்தபோது புரிந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. செவ்வாய் மதியம் குளிர்காய்ச்சல் வந்தது. தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "தம்பி, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுப்பா" என்று கேட்டு வாங்கிவந்தார். சின்ன வெள்ளைக் காகிதக் கவரில் நான்கு மாத்திரை, அட்டையிலிருந்து வெட்டி எடுத்தது, பெயர் தெரியாது. போட்டதும் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. இரவு மறுபடி வந்தது. மறுநாள் இன்னொரு செட். வெள்ளிக்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "எப்போ ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார். அம்மா புதன் என்றார், நான் திங்கள் என்றேன். என்ன மாத்திரை போட்டார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. சர்க்கரை 380-ல் நின்றது. செட்டில் ஒன்று, சர்க்கரையை ஏற்றிவிடும் ஸ்டீராய்டாக இருக்கும் என்றார் டாக்டர். ஐந்து நாள் உள்ளே இருந்து அப்பா பிழைத்து வந்தார்.

ஃப்ளூவுக்கு ஓசெல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்குப் பிறகும் கொடுப்பார்கள், ஆனால் முந்தினால் நல்லது. எல்லோருக்கும் அது தேவைப்படாது. கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் (இரண்டு வயதுக்குள் என்றால் இன்னும் கவனம்), சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம் என்று நாள்பட்ட நோய் உள்ளவர்கள், இவர்களில் ஒருவருக்கு ஃப்ளூ போலத் தெரிந்தால் முதல் நாளே டாக்டரிடம் போங்கள். "ரெண்டு நாள் பார்ப்போம்" என்பது மற்றவர்களுக்கு.

மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினையுங்கள்

சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில். டெங்கு கொசு பெருகுவதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான். இரண்டும் திடீர்க் காய்ச்சல், இரண்டும் உடம்பு வலி. டெங்குவில் பொதுவாக மூக்கொழுகுவதும் இருமலும் பெரிதாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோலில் சிவப்புத் தடிப்பு இருக்கும். ஆனால் இதை வைத்து நாமாக முடிவு செய்யக் கூடாது. சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால், அல்லது எந்தக் காய்ச்சலும் மூன்றாம் நாளைத் தொட்டால், டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளில்தான் சரியாகக் காட்டும். இங்கேயும் காலண்டர் தாள் உதவும்.

டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவை அதிகமாக்கலாம். குழந்தைகளுக்கான சில காய்ச்சல் சிரப்புகளில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபெனோ மெஃபனமிக் ஆசிடோ கலந்திருக்கும். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். குழந்தைக்கு ஆஸ்பிரின் எப்போதும் கூடாது. ஃப்ளூவின்போது கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரலாம்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்டும் குழந்தை துவண்டு கிடந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால் "விட்டுடுச்சே" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா?

நம் வீடுகளில் இதற்காகவே நிறையத் திட்டு வாங்கியிருக்கிறோம். இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்ற ஊரில், சளியை ஆராய்வதற்கென்றே 1946-ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். தாமாக முன்வந்தவர்களைக் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்றடிக்கும் தாழ்வாரத்தில் நிறுத்தி, ஈரக் காலுறையோடு உலாவவிட்டுப் பார்த்தார்கள். குளிர் மட்டும் பட்டவர்களுக்குச் சளி பிடிக்கவில்லை. மூக்கில் வைரஸ் விட்டவர்களுக்குத்தான் பிடித்தது. மழைத்தண்ணீரில் சளி இல்லை. மழை வந்ததும் ஸ்கூல் வேனில் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம், வகுப்பறைச் சன்னலைச் சாத்துகிறோம், ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிறோம். வைரஸுக்கு வேண்டியது அதுதான். நனைந்த பிள்ளைக்குத் தலையைத் துவட்டிவிட்டு உடை மாற்றுங்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரஸ்க்கும் கஞ்சியும் மட்டும் கொடுப்பது வேண்டாம். இவற்றால் சளி வருவதில்லை. உடம்பு தேறுகிற நேரத்தில் குழந்தைக்குச் சாப்பாடு வேண்டும்.

வீட்டுக்குள் பரவாமல் பார்ப்பது

சளியும் ஃப்ளூவும் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிவரும் துளிகளால் பரவுகின்றன. அந்தத் துளி பட்ட கை மூக்குக்கோ கண்ணுக்கோ போவதாலும் பரவுகின்றன. ஃப்ளூ வந்தவர், காய்ச்சல் தொடங்க ஒரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குக் கொடுப்பார். பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை. குழந்தைகள் இன்னும் கூடுதல் நாள். அதனால் நூறு சதவீதம் தடுக்க முடியாது, குறைக்கலாம்.

முதலில் முந்தானை. நான் வீட்டில் கவனித்ததைச் சொல்கிறேன். மகளின் மூக்கை முந்தானையில் துடைத்தேன். அதே முந்தானையில் கையைத் துடைத்தேன். அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கியதும் அதே முந்தானைதான். பிறகு அப்பாவுக்குத் தட்டை ஒருமுறை துடைத்துக் கொடுத்தேன், அதுவும் அதில்தான். கிழங்கு மாதிரி இருந்தவர் நான்காம் நாள் தும்ம ஆரம்பித்தார். இப்போது பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து இருபது துண்டு வைத்திருக்கிறேன். ஒருமுறை துடைத்ததும் மூடிபோட்ட வாளிக்குள் போய்விடும், ராத்திரி சோப்புத் தண்ணீரில் ஊறும். பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் தும்மச் சொல்லிக் கொடுங்கள். மூன்று வயதில் பழகிவிடுவார்கள்.

கை கழுவுவதில் ஒரு விஷயம். சானிடைசர் ஃப்ளூ வைரஸைக் கொல்லும், ஏனென்றால் அதற்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. ரைனோவைரஸுக்கு அந்த உறை கிடையாது, அதனால் சானிடைசரை முழுக்க நம்ப முடியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் நம்பகமானவை. இருபது விநாடி, விரல் இடுக்கு, நக ஓரம் வரை. பள்ளியிலிருந்து வந்ததும் பையை இறக்குவதற்கு முன் கை கழுவுவது என்று வைத்துவிட்டால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

தம்ளரைத் தூக்கிக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். வாய் வைத்துக் குடிக்கும் பாட்டிலும் முகம் துடைக்கும் துண்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.

தனி அறை இருந்தால் நோயாளி அங்கே இருக்கட்டும். ஒற்றை அறை வீடு என்றால், அவரைச் சன்னலோரம் படுக்கவைத்துச் சன்னலைத் திறந்து வையுங்கள். மற்றவர்கள் அவர் தலைமாட்டுக்கு எதிர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கலாம். கொசுவுக்குப் பயந்து சாத்துகிறீர்கள் என்றால், சன்னலுக்கு வலை அடிப்பது டெங்குவுக்கும் சேர்த்துச் செய்த வேலையாகிவிடும். பக்கத்தில் போய்க் கவனிப்பவரும் நோயாளியும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவுக்குச் சளியோ ஃப்ளூவோ வந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். மாஸ்க் போட்டு, கை கழுவிக் கொடுங்கள்.

தடுப்பூசி

"எங்க பிள்ளைக்கு இன்ஃப்ளுயன்சா ஊசி போட்டாச்சே, கார்டுல இருக்கு" என்று பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கார்டில் இருப்பது பெரும்பாலும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி. ஒன்றரை மாதத்திலிருந்து போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்துவருவது. அது ஒரு பாக்டீரியா. 1892-ல் ஃப்ளூவுக்குக் காரணம் அதுதான் என்று தவறாக நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். உண்மையான ஃப்ளூ வைரஸை மனிதர்களிடமிருந்து பிரித்தெடுத்தது 1933-ல்தான். ஆக, அந்த ஊசி மூளைக்காய்ச்சலிலிருந்தும் நிமோனியாவிலிருந்தும் காக்கும். ஃப்ளூவுக்கு வேறு ஊசி வேண்டும்.

ஃப்ளூ ஊசி அரசின் வழக்கமான இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. முதல்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று ஆண்டுக்கு இரண்டு முறை முடிவு செய்கிறது. அதனால்தான் போன வருஷ ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது. நமக்கு மழை அக்டோபர் நடுவில் என்பதால் ஆகஸ்ட், செப்டம்பரில் போட்டுவிடுவது நல்லது. பலன் வர இரண்டு வாரம் ஆகும். பெட்டியில் எந்த ஆண்டுக்கானது என்று அச்சிட்டிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பரவும் வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டில், டாக்டரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். சாதாரணச் சளியைத் தடுக்காது. எல்லோருக்கும் போடக் காசு போதாது என்றால் என் யோசனை, முதலில் சர்க்கரையோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவருக்கும் வீட்டிலிருக்கும் கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் போடுங்கள். கர்ப்பிணிக்குப் போட்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதம் பாதுகாப்பு கிடைக்கும்.

வந்துவிட்டால் என்ன செய்வது

சளிக்கு மருந்து இல்லை. ஏழு முதல் பத்து நாளில் அதுவாகப் போகும். நாம் செய்வதெல்லாம் அந்த நாட்களைச் சிரமமில்லாமல் கடத்துவதுதான். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு, பால் குடிக்கும் முன்பும் தூங்கும் முன்பும். மிளகு ரசம், கஞ்சி, வெந்நீர், இளநீர் எது இறங்குகிறதோ அது. சுக்குக் கஷாயமும் கற்பூரவல்லிச் சாறும் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம். நோயைச் சீக்கிரம் விரட்டும் என்று நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான். இரவு இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் நன்றாகக் கேட்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

கைக்குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவதையும், துணியில் கற்பூரம் முடிந்து கழுத்தருகே கட்டுவதையும் பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசி நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. கற்பூரம் குழந்தைக்கு விஷம், வலிப்பு வரலாம். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிப்பது குழந்தைகளுக்கு வேண்டாம். கவிழ்ந்து வெந்துபோனால் சளியைவிடப் பெரிய துன்பம்.

இருமல் சிரப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்தில் சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத சிரப்பாலும் அந்த வயதில் பெரிய பலன் கிடையாது.

பாராசிட்டமால் சிரப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் மூன்று அளவில் வரும். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125. இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வையுங்கள். 120 சிரப் என்றால் ஆறு மில்லிக்குச் சற்று மேல், 250 சிரப் என்றால் மூன்று மில்லி, சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. போன முறை ஆறு மில்லி கொடுத்தோமே என்று 250 சிரப்பில் ஆறு மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு. சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு, கல்லீரல் தாங்காது. அதனால் டாக்டரிடம் எடையைச் சொல்லி, 'எந்தப் பாட்டில், எத்தனை மில்லி' என்று இரண்டையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நாலு முறைக்கு மேல் வேண்டாம். சமையல் ஸ்பூனில் ஊற்றாமல் பாட்டிலோடு வரும் அளவுமூடியிலோ, ஊசியில்லாத சிரிஞ்சிலோ கொடுங்கள்.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாக, பச்சையாக மாறுவதும் வழக்கமான மாற்றம்தான், அதை வைத்துக் கடையில் மூன்று மாத்திரை அட்டை வாங்கிப் போடாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.
- வேகமான மூச்சு. குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து.
- மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது.
- எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எதைக் குடித்தாலும் வாந்தி.
- பெரியவர்களுக்கு மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே.
- காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்தவருக்கு மறுபடி காய்ச்சலும் இருமலும் ஏறுவது. ஃப்ளூவுக்குப் பின்னால் வரும் நிமோனியா இப்படித்தான் தொடங்கும்.

108-ஐ அழையுங்கள். ஆபத்தில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் 104-ல் கேட்கலாம். போகும்போது காலண்டர் தாளையும் மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

திரும்பப் பள்ளிக்கு

மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் பதினோரு மணிக்கு மறுபடி காய்ச்சல் ஏறும், அதற்குள் பக்கத்துப் பெஞ்சுக்கும் போயிருக்கும். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முடிந்தால் சீசன் தொடங்குமுன்பே, எந்த நாள் யார் வீட்டில் இருப்பது என்று கணவனும் மனைவியும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கொழுகல் போய்க் காய்ச்சல் போய், இருமல் மட்டும் கொஞ்ச நாள் தங்கும். அது வழக்கம்தான். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டினால், மழைக்கால இருமல்தானே என்று விடாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அது அங்கே இலவசம்.